சாஸ்தாவிடம் இரண்டு தடவை கேட்டு வாங்கிய டிராக்டர்

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் இருக்கிறது. போவதற்கு முன்னால் யாரிடமாவது வாய் வலிக்கப் பேசிவிட்டுப் போங்கள். பசியோடு கடைக்குப் போனால் கண்டதையும் வாங்கிப் பையில் போடுவோம் இல்லையா, அதே கதைதான் இதுவும். பேச ஆள் இல்லாமல் காய்ந்து கிடக்கிற ஒருத்தியிடம் "சாப்பிட்டாச்சாக்கா?" என்று ஒருவன் அன்பாகக் கேட்டுவிட்டால், டிராக்டர் என்ன, ரயில் எஞ்சினைக்கூட அவள் வாங்கி வாசலில் நிறுத்திவிடுவாள். நான் டிராக்டரோடு நிறுத்திக்கொண்டதற்கு என் குடும்பத்தார் சந்தோஷப்பட வேண்டும்.

எங்கள் ஊர் வீரவநல்லூருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில், கால்வாய்க்கரையில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் நஞ்சை, ஓட்டு வீடு, இரண்டு மாடு, நான். அத்தான் (என் வீட்டுக்காரர்தான். அத்தை மகன். அதனால கல்யாணத்துக்கு முன்னாலயும் அத்தான், பின்னாலயும் அத்தான்) பம்பாயில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறார். கல்யாணமான மறுவருஷம் போனவர். குலசை தசராவுக்கு மட்டும் வருவார். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டிவிட்டு, வேஷம் கலைத்த சூட்டோடு ரயிலேறிவிடுவார். எங்கள் மகள் பார்வதி கல்யாணமாகி கோயம்புத்தூர் போகும்வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளைத் திட்டவே பொழுது சரியாக இருந்தது. அவள் போனபிறகு, என் குரலை நானே கேட்பது மாட்டை அதட்டும்போது மட்டும்தான்.

அத்தான் தினமும் போன் செய்வார். ஆனால் அவர் பேசுகிற அழகு இப்படி இருக்கும். "என்ன சாப்பிட்ட?" "தோசை." "நான் சப்பாத்தி." "சரி." "சரி, வை." முடிந்தது. இதற்கு எதற்கு ஒரு போன், நான் நேராகத் தோசைக்கல்லோடு பேசிக்கொள்ள மாட்டேனா என்று தோன்றும். நல்ல மனுஷர்தான். பேச்சு மட்டும் கிடையாது. பக்கத்தில் இருந்தால் அது ஒரு குறையாகவே தெரியாது. ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறவருக்குப் பேச்சும் இல்லையென்றால் வேறு என்னதான் மிச்சம்?

இந்த நிலைமையில்தான் ஒரு பிசானப் பருவத்து நெல் அறுவடையில் அந்த மெஷினைப் பார்த்தேன். முன்னெல்லாம் ஆள் விட்டு வைக்கோலை அள்ளிப் படப்பு போடுவோம். இப்போது ஆளுக்கு எங்கே போக? அறுவடை மெஷின் போனபிறகு வைக்கோல் வயலில் வரிசை வரிசையாகக் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் டிராக்டரின் பின்னால் ஒரு கட்டு மெஷினை மாட்டிக்கொண்டு வருவார்கள். அது வைக்கோலை வாரி வயிற்றுக்குள் இழுத்து, உருட்டி, கயிறு சுற்றி, பின்னால் கதவைத் திறந்து பொத்தென்று ஒரு கட்டைப் போடும். கேரளத்து லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். வரப்பில் உட்கார்ந்து அரை நாள் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரே எண்ணம். இது நம்மிடம் இருந்தால், கார் பிசானம் இரண்டு பருவத்துக்கும் சேரன்மகாதேவி வரைக்கும் வயல் நம்முடையது. அத்தான் பம்பாயில் பருப்பு நிறுக்க வேண்டாம். டிராக்டர் சீட்டில் உட்கார்ந்தால் போதும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்குச் சம்பாத்தியம் பெரிதில்லை. எனக்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும். பேரப்பிள்ளை எடுக்கிற வயசில் இதைச் சொன்னால் ஊர் சிரிக்கும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. எல்லாம் வாங்கி, மெஷின் ஓடுகிற வீடியோவை அனுப்பி, கீழே 'கிளம்பி வாங்க' என்று ஒரே வரி போட வேண்டும் என்பதுதான் திட்டம். (அந்த ஒரு வரியை எத்தனை விதமா எழுதி அழிச்சிருக்கேன் தெரியுமா.)

என் கையிலிருந்தது பால் காசில் கட்டிய சீட்டு. அதற்குள் புதுசு வாங்க நினைத்தால் சக்கரம் மட்டும்தான் தருவார்கள். ஆகவே எல்லாமே பழசு. முதலில் கட்டு மெஷின் வந்தது. தென்காசிப் பக்கம் ஒருவர் இரண்டு பருவம் ஓட்டிவிட்டு விற்றார். "பெரிய டிராக்டர்ல மாட்டணும்மா, சின்ன வண்டி இதுக்குத் தாங்காது" என்றார். நான் தலையை ஆட்டினேன். என் கண்ணுக்கு எல்லா டிராக்டரும் பெரிதாகத்தான் தெரிந்தன. வண்டி என்றால் எனக்கு அதுவரை ஸ்கூட்டிதான்.

டிராக்டரில் இரண்டு வந்து அமைந்தன. ஒன்று நீலம். அம்பாசமுத்திரத்தில் ஒரு பெரியவருடையது. போன் போட்டால், "வண்டி இருக்கு. வந்து பாருங்க" என்பார். அடுத்த வார்த்தை பேசுவதற்குள் லைன் செத்துப்போயிருக்கும். விலையில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்றார். போய்ப் பார்த்தேன். பனையேறுகிறவர்கூட ஏணி கேட்பார், அவ்வளவு உயரம். எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு பேசாத மனுஷர் இருக்கிறார், வெளியிலுமா என்று தோன்றியது.

இன்னொன்று சிவப்பு. ஆலங்குளம் ரோட்டில் பழைய வண்டி வாங்கி விற்கிற சுடலைமுத்துவிடம் இருந்தது. சுடலைமுத்து பேசுவான் பாருங்கள். காலையில், "யக்கா, பால் கறந்தாச்சா?" மத்தியானம், "என்னக்கா குழம்பு?" சாயங்காலம், "மேக்கே கறுத்துக்கிட்டு வருதுக்கா, மாட்டைத் தொழுவுல கட்டியாச்சா?" நடுவில் எங்கேயாவது ஒரு மூலையில் டிராக்டர் வரும். என் மாடுகளுக்குப் பேர் கேட்டான். மறுநாள், "லட்சுமிக்குக் கால் வீங்கியிருந்துச்சே, பைய வத்திட்டா?" என்று பேர் சொல்லி விசாரித்தான். என் சொந்த மருமகனுக்கு இன்றுவரை என் மாட்டின் பேர் தெரியாது. சுடலைமுத்து கூப்பிடுவான் என்று நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் தொழுவுக்கும் அலைந்த காலம் அது. இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், என் தம்பி வயசு. ஆனால் ஒரு மனுஷக் குரல் நம்மைத் தேடி வருகிறது என்றால் சும்மாவா?

வண்டியைப் பார்க்க எங்கள் தெரு இசக்கிபாண்டியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் ஊரிலுள்ள எல்லா டிராக்டரையும் ஓட்டியவன், எதையும் ரொம்ப நாள் ஓட்டாதவன். போனவுடன் டயரை ஒரு உதை உதைத்தான். அதோடு அவன் பரிசோதனை முடிந்தது. "பெயிண்ட் புதுசா இருக்குக்கா. நல்ல வண்டிதான்" என்றான்.

நான் எஞ்சின் மேல்மூடியில் கையை வைத்தேன். சுட்டது. வண்டி காலையிலேயே ஓடிச் சூடாகியிருக்கிறது. குளிர்ந்து கிடக்கிற எஞ்சினை நம் கண் முன்னால் கிளப்பிக் காட்ட வேண்டும், அதுதான் பழைய வண்டி வாங்குகிற முறை என்று எனக்கே தெரியும்.

"என்னப்பா சுடுது?"

"வெயில்லக்கா" என்றான் சுடலைமுத்து.

வண்டி நின்றது வேப்பமரத்து நிழலில். மேலே பார்த்தேன், மரம் இருந்தது. சுடலைமுத்துவைப் பார்த்தேன். அதற்குள் அவன் எதிர்க்கடைக்கு ஓடிப்போய் எனக்கு நன்னாரி சர்பத் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். "குடிங்கக்கா, முகமெல்லாம் வாடிக் கிடக்கு" என்றான். என் முகம் வாடியதைப் பார்த்து ஒரு ஆள் கடைக்கு ஓடி எத்தனை காலமாயிற்று. நான் சர்பத்தைக் குடித்தேன். வெயில்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

இருந்தாலும் பெரிய காசு, சாமியிடம் கேட்காமல் முடியுமா? எங்கள் சாஸ்தா கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளைப் பிச்சி. சாமி முன்னால் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்தால் அதுதான் உத்தரவு. கல்யாணம், கிணறு, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் எங்கள் குடும்பத்தில் இப்படித்தான்.

பூசாரி அண்ணாச்சி, "என்ன நினைச்சிருக்க?" என்று கேட்டார்.

"சிவப்பு வந்தா சிவப்பு டிராக்டர் அண்ணாச்சி. வெள்ளை வந்தா நீல டிராக்டர்."

"நீலத்துக்கு வெள்ளையா?"

"நீலப் பூவுக்கு நான் எங்கன போவேன்?"

அவர் கும்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பிச்சிப்பூ. வாசம் கும்மென்று வந்தது. நீலம் என்றால் சுடலைமுத்துவுக்கு என்ன பதில் சொல்வேன்? நாளைக்குக் காலையில் பால் கறந்தாச்சா என்று யார் கேட்பார்கள்?

"அண்ணாச்சி, இது கணக்கில்ல" என்றேன். "குலுக்கும்போது மனசு வேற எங்கேயோ ஓடிட்டு. தொழுவைச் சாத்துனேனான்னு யோசிச்சிட்டேன். இன்னொரு தடவை போடுங்க."

"சாமி மாத்திச் சொல்லாது, பாத்துக்க."

"சாமி மாத்த வேண்டாம். நாந்தான் சரியா கேக்கலை."

இரண்டாவது தடவை சிவப்பு வந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாஸ்தா நல்ல தீர்ப்புச் சொன்னதற்காகச் சூடம் ஏற்றினேன். பூசாரி அண்ணாச்சி திருநீறு கொடுத்தார். சிவப்பா நீலமா என்று கேட்டேனே தவிர, இது அந்த மெஷினை இழுக்குமா என்று இரண்டு தடவையும் கேட்கத் தோன்றவில்லை. என்னைச் சொல்ல வேண்டும்.

பணம் கைமாறியது. சிவப்பு டிராக்டர் வாசலுக்கு வந்தது. மறுநாள் காலையில் பால் கறந்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. பாவம், ரீசார்ஜ் தீர்ந்திருக்கும் என்று நானே கூப்பிட்டேன். "ஒரு பார்ட்டிகூட இருக்கேன்க்கா, அப்புறம் பேசுதேன்" என்றான். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. வேறு யாரோ ஒரு அக்காவின் மாட்டுக்குக் கால் வீங்கியிருக்கும்.

மாசிக் கடைசியில் எங்கள் வயல் அறுவடை முடிந்தது. வைக்கோல் வரிசையாகக் காய்ந்து கிடந்தது. தெருவில் எல்லாரையும் கூப்பிட்டேன். (மெஷின் ஓட்டுறதுக்கு எதுக்கு இத்தனை ஆளு? சும்மா வரட்டுமேன்னுதான்.) அண்டா நிறைய கேசரி கிண்டினேன், சுண்டல் தாளித்தேன், டீக்குச் சொல்லி வைத்தேன். பார்வதி கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டைக் கட்டினேன். வண்டிக்கு மாலை, மெஷினுக்குச் சந்தனம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். வயலில் அவ்வளவு சத்தம், அவ்வளவு பேச்சு. எனக்கு மனசு நிறைந்து போயிருந்தது. மெஷினே ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சாஸ்தா அதை மட்டும் உடனே காதில் வாங்கிக்கொண்டார்.

இசக்கிபாண்டி வீட்டிலிருந்து வயலுக்கு ஓட்டி வரும்போதே, "யக்கா, முன்பக்கம் ரொம்ப லேசா இருக்கு. ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு" என்றான்.

"என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். கைக்குப் பழகிரும்."

வயலில் இறக்கி மெஷினை ஓடவிட்டான். ஒரு பத்தடி தூரம், என் கண்ணே பட்டிருக்கும், அவ்வளவு அழகு. வைக்கோல் சரசரவென்று உள்ளே போனது. நான் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். உடனே கறுப்பாக ஒரு புகை, அடித்தொண்டையில் ஒரு முக்கல், எஞ்சின் அணைந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"மூச்சு முட்டுது. சரியாகிரும்."

மறுபடி கிளப்பினான். ஐந்தடி போனது, முக்கியது, அணைந்தது. ஊர் யோசனை சொல்ல ஆரம்பித்தது. டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் ஒருவர். வைக்கோல் ஈரம் என்றார் இன்னொருவர். கண்ணு பட்டிருக்கு என்று மேலவீட்டு மதினி உப்பும் மிளகாயும் கொண்டுவந்து டிராக்டரைச் சுற்றிப் போட்டாள். வண்டி சின்னது என்று மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. மாலையும் சந்தனமும் போட்டு நிற்கிற வண்டியைப் பார்த்து யாருக்கு அப்படிச் சொல்ல மனசு வரும்?

"இங்கன வைக்கோல் கனமா கிடக்குக்கா" என்றான் இசக்கிபாண்டி. "மேல்வயல்ல லேசாக் கிடக்கு. அங்கன போய் ஓட்டிருவோம்."

மேல்வயலுக்குப் போக ஒரு வரப்பேற வேண்டும். மெஷினின் வயிற்றில் பாதிக் கட்டு சிக்கிக் கிடந்தது. அந்தக் கனத்தோடு மெஷினை உச்சிக்குத் தூக்கிவிட்டு வேகம் கொடுத்தான். முன்சக்கரம் இரண்டும் வரப்பில் ஏறின. வரப்போடு நின்றிருக்கலாம். வரப்பு முடிந்தது அதற்குத் தெரியவில்லைபோல, அது பாட்டுக்கு மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. இசக்கிபாண்டி பக்கவாட்டில் குதித்து அடுத்தவர் வயலுக்குள் ஓடினான். "நான் அப்பவே சொன்னேன்" என்று ஓடிக்கொண்டே கத்தினான். டிராக்டர் பின்னால் சாய்ந்து, மெஷின் மேல் நாய் உட்கார்வதுபோல் உட்கார்ந்தது. மெஷின் கதவு நெளிகிற சத்தம் எனக்கு நெஞ்சில் கேட்டது. மாலை ஊஞ்சல் ஆடியது. முன்சக்கரம் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்து நின்றன. வேலை செய்யச் சொன்னபோதெல்லாம் அணைந்துபோன எஞ்சின் இப்போது மட்டும் அணையவில்லை. டுபுடுபுடுபு என்று சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

யாருக்கும் அடி படவில்லை. அது தெரிந்த மறுநொடி எல்லாருடைய கையிலும் போன் இருந்தது. பூசாரி அண்ணாச்சி மட்டும் போனை எடுக்கவில்லை. வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு குரல், "கேசரி நல்லாருக்கு மதினி, நெய் எங்க வாங்குன?" என்றது.

கேசரி தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. காலையில் ஜே.சி.பி. கொண்டுவந்து இறக்கிவிடலாம் என்று இசக்கிபாண்டி எஞ்சினை நிறுத்திவிட்டுப் போனான். நான் போகவில்லை. பேட்டரியை யாராவது கழற்றிவிடுவார்கள், காவல் இருக்கிறேன் என்று சொன்னேன். உண்மையில் எனக்கு வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது. இனி அந்த வீட்டில் காத்திருக்க ஒன்றுமே இல்லை. மெஷின் போயிற்று, சீட்டுப் பணம் போயிற்று, அத்தான் வர மாட்டார். பட்டுப்புடவையோடு வரப்பில் உட்கார்ந்து அழுதேன். கேட்க ஆள் இல்லை, அதனால் சத்தமாகவே அழுதேன்.

அப்போது போன் அடித்தது. அத்தான். கடை நேரத்தில் கூப்பிடவே மாட்டார்.

"ஏளா, ஒரு வீடியோ வந்துச்சு. அது நம்ம வயலா?"

"இல்லையே."

"பின்ன பச்சைச் சேலை கட்டி வாயைப் பொத்திக்கிட்டு நிக்கது யாரு?"

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"கோமதி?"

"நாந்தான்."

"டிராக்டர் யாருது?"

"அதுவும் நம்மதுதான்."

அந்தப் பக்கம் தராசைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அடி கிடி பட்டுச்சா?" என்றார்.

"எனக்கா டிராக்டருக்கா?"

"சரி, வை" என்றார்.

அவ்வளவு கோபத்தில் அவர் இருந்து நான் பார்த்ததில்லை. அன்றிரவு வழக்கமான போன் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. டிராக்டரை இறக்கி வாசலுக்குக் கொண்டுவந்தோம். நான் கூப்பிட்டாலும் அத்தான் எடுக்கவில்லை. இனிமேல் தோசையும் சப்பாத்தியும்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாள் விடிந்ததும் வாசல் தெளிக்க வந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அத்தான் டிராக்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

வண்டியைச் சுற்றி வந்தார். சந்தனம் காய்ந்த மெஷினைப் பார்த்தார். நெளிந்த கதவைத் தொட்டுப் பார்த்தார். டிராக்டரின் மூக்கைப் பார்த்தார். நான் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் வசவு எதுவாக இருக்கும் என்று காத்திருந்தேன். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வராமல் ஆரம்பித்து, பிறகு சத்தம் வந்து, நிற்க முடியாமல் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "உக்காந்துட்டே, ஏளா. பெரிய மனுஷன் மாதிரில்லா உக்காந்துட்டு" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்தது. நானும் வாளியைப் போட்டுவிட்டுச் சிரித்தேன். தெரு எழுந்து வந்து பார்த்தது.

"எதுக்குளா வாங்குன?" என்று பிற்பாடு கேட்டார்.

"நீங்க வரணும்னு" என்றேன்.

அவர் எழுந்துபோய் டிராக்டரைக் கழுவினார்.

அந்தக் கொஞ்ச நாள் நான் வாழ்ந்தேன். மெஷின் இல்லாமல் வண்டி லேசாக, நன்றாகவே ஓடியது. ஒரு அப்பளக்கட்டு வாங்க நாங்கள் கல்லிடைக்குறிச்சிக்கு டிராக்டரில் போனோம். நான் சக்கரத்து மூடியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "பிடிச்சுக்க, பைய போறேன்" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினார். அந்தச் சத்தத்தில் அவர் பேசியதில் பாதி காதில் விழவில்லை. அவர் அவ்வளவு பேசுவார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறகு நெளிந்த கட்டு மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். டிராக்டரைக் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. லீவு முடிந்தது. நெல்லை ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக, "இன்னும் ஒரு ரெண்டு வருஷம்" என்று மட்டும் சொன்னார். எதற்கு இரண்டு வருஷம் என்று நான் கேட்கவில்லை.

ரொம்ப நாள் கழித்து, பார்வதிதான் வேறு ஏதோ பேசும்போது வாய்தவறி விட்டுவிட்டாள். "அந்தப் பங்குனியோட கடையை விட்டு வந்திரலாம்னுதானேம்மா அப்பா இருந்தாவ. உன்கிட்ட சொல்லாம வந்து நிக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தாவ. நடுவுல இந்த டிராக்டர் வந்து சேத்த காசைத் தின்னுட்டு." சொன்னபிறகுதான் அவளுக்கு உறைத்தது. "அப்பாகிட்ட கேட்டுராதம்மா" என்றாள். நான் கேட்கவில்லை. தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. அவர் அன்றைக்கு அந்தச் சிரிப்பு சிரிக்கும்போதே இந்தக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் சிரித்தார். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. அவர் சொன்ன இரண்டு வருஷம் முடிந்து இன்னொரு வருஷமும் ஆகிவிட்டது. பேத்திக்குக் காது குத்த வேண்டியிருந்தது, அதற்குமேல் ஒன்று, அதற்குமேல் ஒன்று.

இப்போது எங்கள் குடும்பத்தில் அந்த டிராக்டருக்குப் பேர் 'வீட்டோட மாப்பிள்ளை'. பேர் வைத்தது அத்தான்தான். வேலை பார்க்காது, வாசலில் நிழல் பார்த்து உட்கார்ந்திருக்கும், அப்பப்போ டீசல் குடிக்கும். எந்த விசேஷத்திலும் பந்தியில் உட்கார்ந்ததும் யாராவது எடுத்துக்கொடுப்பார்கள், அத்தான் ஆரம்பித்துவிடுவார். பேசவே பேசாத மனுஷர் இந்த ஒரு கதையை மட்டும் கையை ஆட்டி, இசக்கிபாண்டி ஓடியதுபோல் ஓடிக்காட்டி, கேசரி கேட்ட குரலில் பேசிக்காட்டிச் சொல்லுவார். பம்பாய் ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாராம்.

போன மாதம் பேத்தியின் காதுகுத்திலும் சொன்னார். பந்தியே புரண்டு சிரித்தது. சம்பந்தி வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "இப்ப எப்படி இருக்காரு மதினி, உங்க வீட்டோட மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

"அவருக்கென்ன, நல்லா இருக்காரு" என்றேன். "என்னை விட்டுட்டு எங்கேயும் போகமாட்டாரு."

பந்தி மறுபடியும் சிரித்தது. அத்தானும் சிரித்தார், இலையைப் பார்த்துக்கொண்டு. மறுநாள் காலையில் அவருக்கு ரயில்.